பதினெட்டாம் பிராயத்தில் அறுந்துபோகும் வைத்தியம்

பதினெட்டு வயது பூர்த்தியாகும் தினம் ஒரு யுவனுக்குப் பெருமிதமான தினம். அன்றுமுதல் தன் காரியங்களைத் தானே நிர்வகிக்கும் உரிமை அவனுக்கு உண்டாகிறது. நாட்டை ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கும் வோட்டும் அவன் கைக்கு வருகிறது. ஆனால் அந்தத் தினம் நெருங்க நெருங்க மனம் கலங்கும் யுவர்களும் யுவதிகளும் நம் தேசத்தில் இருக்கிறார்கள். பிறந்த நாள்முதல் தங்களைப் பார்த்து வந்த வைத்தியரின் கதவு அவர்களுக்கு மூடப்படுகிறது. வேறு எந்தக் கதவைத் தட்டுவது என்று எடுத்துச் சொல்வார் ஒருவருமில்லை. ஸ்பைனா பைபிடா என்னும் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்து, வைத்திய சாஸ்திரத்தின் உதவியாலும் தாய்மாரின் அயராத உழைப்பாலும் பிழைத்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

இந்தக் குறை இன்னதென்பதை முதலில் சுருக்கமாகக் கூறுவோம். கரு உண்டான 28 நாட்களுக்குள் முதுகுத்தண்டின் குழல் மூடிக்கொள்ள வேண்டும். தான் கர்ப்பவதி என்பதைப் பல பெண்கள் அறிவதற்கு முன்பே இக்காரியம் முடிந்துவிடுகிறது. ஏதோ ஓரிடத்தில் அது மூடாமல் நின்றுவிட்டால், அவ்விடத்துக்குக் கீழேயுள்ள நரம்புகள் பழுதுபடுகின்றன. கால்களில் பலமும் உணர்ச்சியும் குறையும். சிறுநீரும் மலமும் மனத்தின் கட்டளைக்குள் நில்லா. பலருக்கு மூளையில் நீர் தேங்கும். பிறந்த சில தினங்களில் முதுகை மூடச் சிகிச்சை செய்கிறார்கள். தேங்கிய நீரை வயிற்றுக்குள் இறக்க ஷண்ட் என்னும் குழாயை வைக்கிறார்கள். இவையெல்லாம் செய்தபின்பும் நரம்புகளின் குறை நீங்குவதில்லை; அது ஆயுள் முழுவதும் கூடவே வருவது.

ஒரு காலத்தில் இப்பிள்ளைகளில் வெகு சிலரே பிராயமடைந்தார்கள். அந்த நிலையை மாற்றியவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஜான் ஹோல்டர் என்னும் யந்திரத் தொழிலாளி, இதே குறையோடு பிறந்த தம் குழந்தையைக் காக்கவேண்டுமென்ற தவிப்பில், மூளை நீரை ஒரே திசையில் செலுத்தும் ஒரு வால்வை 1956-ல் செய்து கொடுத்தார். அவர் வைத்தியம் படித்தவரல்லர்; ஆயினும் அந்த வால்வினால் பிழைத்தவர்கள் உலகெங்கும் பலர். பிறகு 1972-ல் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் என்னும் வைத்தியர், சுத்தமாகக் கழுவிய சிறு குழாயைக் கொண்டு நோயாளியே சில மணிக்கொருமுறை தன் சிறுநீரை வெளியேற்றிக்கொள்ளலாம் என்று காட்டினார். சிறுநீர் தேங்கிப் பின்னோக்கிச் சென்று சிறுநீரகங்களை அழிக்கும் அபாயம் இந்த எளிய முறையினால் பெரிதும் குறைந்தது. இத்தகைய சிகிச்சைகளின் பயனாக, நல்ல வைத்தியம் கிடைக்கும் நாடுகளில் இப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று பிராயமடைகிறார்கள். பிள்ளை வைத்தியம் வெற்றி பெற்றுவிட்டது. அந்த வெற்றியே புதியதொரு கேள்வியை எழுப்புகிறது: வளர்ந்த பின் இவர்களைப் பார்ப்பவர் யார்?

நம் தேசத்தில் 2013-ல் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்னும் திட்டம் துவக்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதித்து, குறிப்பிட்ட 30 குறைபாடுகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவது அதன் நோக்கம். முதுகுத்தண்டுக் குழலின் குறை அந்த ஜாபிதாவில் இடம் பெற்றிருக்கிறது. திட்டம் நல்லது, அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதன் எல்லை 18 வயதோடு நின்றுவிடுகிறது. பல ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டின் எல்லை அதற்கும் முன்னே, 12 வயதிலேயே வந்துவிடுகிறது. சர்க்கார் தஸ்தாவேஜில் எல்லை முடியலாம்; நோயாளியின் உடம்புக்கு அந்த எல்லை தெரியாது.

எல்லைக்கு அப்பால் நடப்பது யாது? குழந்தைப் பருவத்தில் ஒரே வைத்தியர் முன்னின்று, ஷண்ட், சிறுநீரகம், எலும்பு, கால்கட்டு எல்லாவற்றையும் ஒருங்கே கவனித்து வந்தார். பிராயமடைந்தவர்களின் ஆஸ்பத்திரியிலோ மூளைக்கு ஒரு வாசல், சிறுநீர்ப்பைக்கு ஒரு வாசல், சிறுநீரகத்துக்கு ஒரு வாசல், எலும்புக்கு ஒரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் வேறு கிழமை, வேறு சீட்டு, வேறு வைத்தியர். இவர்களில் பலர் ஸ்பைனா பைபிடாவுடன் வளர்ந்த ஒரு மனிதரை முன்பின் கண்டிராதவர்களாகவும் இருக்கக்கூடும். அவர்கள்மீது குற்றமில்லை, இத்தகைய நோயாளிகள் இந்தப் பிராயம் வரை வருவார்கள் என்று அவர்களுக்கு முந்திய தலைமுறை எதிர்பார்க்கவேயில்லை.

பையன் நாலு வாசலிலும் அலைந்து பார்க்கிறான். அலுத்துப் போய் வீட்டில் தங்கிவிடுகிறான். சில காலம் ஒன்றும் நேருவதில்லை. இங்குதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. சிறுநீரகம் சத்தமின்றி அழியும் அவயவம். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடவும் கூடாது. கால்களின் தசை மெலிந்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே குறைந்து நின்று, பழுதை மறைத்துவிடும். ஆகவேதான் சிஸ்டாடின்-ஸி என்னும் வேறொரு பரிசோதனை இவர்களுக்கு உகந்ததென்று சொல்லப்படுகிறது. உணர்ச்சியில்லாத சருமத்தில் உட்கார்ந்த இடமே புண்ணாகும். வலி தெரியாததால் எலும்பைத் தொடும் வரை அதை அறியமாட்டார்கள். வளரும் பருவத்தில் முதுகுநரம்பு பழைய தழும்பில் சிக்கி இழுபட்டு, உள்ள பலமும் குறையலாம். ஷண்ட் எந்த வயதிலும் அடைத்துக்கொள்ளலாம். இவற்றில் எதுவும் பதினெட்டாம் பிறந்த நாளைப் பார்த்து விலகிப் போவதில்லை.

தூரம் என்னும் தடையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கொல்லிமலைக் கிராமம் ஒன்றிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு யுவன் சென்னைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுவோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். பிறகு இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுடைய சருமத்துக்கு அந்த இருக்கையே சத்துரு. சில மணிக்கொருமுறை குழாயிட்டுச் சிறுநீர் கழிக்க வேண்டியவன் எந்தப் பஸ் நிலையத்தில் சுத்தமான இடத்தைத் தேடுவான்? நாற்காலி நுழையும் கதவுள்ள கழிப்பிடங்கள் எத்தனை? கூடச் செல்லும் தகப்பனாருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. இவ்வளவும் பட்டு வைத்தியரின் முன்னே போய் நின்றால், ஐந்து நிமிஷ நேரத்தில் பழைய மருந்தையே எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுகிறார்கள். அந்த ஐந்து நிமிஷப் பேச்சுக்காக இத்தனை தூரம் ஓர் உடம்பை இழுத்தடிக்க வேண்டுமா என்று கேட்கிறோம்.

இங்குதான் டெலிமெடிஸின் என்று வழங்கும் தொலைவழி வைத்தியம் உதவிக்கு வருகிறது. இது நமக்குப் புதிதன்று. சித்தூர் ஜில்லா அரகொண்டா கிராமத்துக்கும் சென்னை நகரத்துக்கும் இடையே 2000-ம் வருஷத்திலேயே தொலைவழி வைத்தியத் தொடர்பு ஏற்பட்டது. 2019 நவம்பரில் இ-சஞ்சீவனி என்னும் சர்க்கார் ஏற்பாடு கிராம ஆரோக்கிய நிலையத்தையும் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியரையும் இணைக்கத் தொடங்கியது. கொரோனாத் தொற்றுக் காலமாகிய 2020 ஏப்ரலில், நோயாளி வீட்டிலிருந்தே வைத்தியருடன் பேசும் வழியும் அதில் சேர்ந்தது. சட்டம் தெளிவாக இல்லை என்னும் சாக்கும் நீங்கிவிட்டது. 2020 மார்ச் 25-ந் தேதி வெளியான தொலைவழி வைத்திய விதிகள், பதிவு பெற்ற வைத்தியர்கள் இம்முறையைக் கையாளும் விதத்தை வகுத்துக் கொடுத்திருக்கின்றன. கருவி இருக்கிறது; விதி இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்காக அவற்றைப் பிரயோகிக்கும் யோசனைதான் இன்னும் இல்லை.

இங்கே ஒரு பேதத்தை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துப் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது நோயாளியைத் தள்ளிவிடுவதாகும். ஒப்படைப்பதென்றால் இரு கைகளும் ஒரு நேரம் சேர்ந்து பிடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் குழந்தை வைத்தியர் சங்கம் முதலிய மூன்று வைத்திய சங்கங்கள் 2011-ல் வெளியிட்டு 2018-ல் புதுப்பித்த அறிக்கையிலும், பிரிட்டனில் நைஸ் என்னும் ஸ்தாபனம் 2016-ல் வெளியிட்ட நெறிமுறையிலும் இக்கருத்தே காணப்படுகிறது. ஒப்படைக்கும் முயற்சி 13, 14 வயதிலேயே துவங்க வேண்டும். பெயர் குறிப்பிட்ட ஓர் ஊழியர் அந்தப் பிள்ளைக்குத் துணையாக, மாறுவதற்கு முன் ஆறு மாதமும் மாறிய பின் ஆறு மாதமுமாவது நிற்கவேண்டும் என்று நைஸ் கூறுகிறது. வைத்தியர்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நம் நாட்டில், இரு கைகளையும் ஒரே நேரத்தில் சேர்த்து வைக்கத் தொலைவழியைக் காட்டிலும் சுலபமான உபாயம் வேறில்லை.

காரியம் நடக்க வேண்டிய விதத்தைச் சொல்லுகிறோம். பிள்ளைக்கு 14 வயது ஆனதும், மூன்று மாதத்துக்கொருமுறை திரைவழிச் சந்திப்பு துவங்கட்டும். தன் நோயின் பெயரையும், தன் ஷண்ட் எப்பொழுது வைக்கப்பட்டதென்பதையும், தான் உபயோகிக்கும் குழாயின் அளவையும் பிள்ளையே சொல்லப் பழகட்டும். இதுவரை தாயாரே பதில் சொல்லி வந்தார்; இனி பிள்ளை பேசட்டும். 16, 17 வயதில், பழைய வைத்தியர், புதிய வைத்தியர், நோயாளி, பெற்றோர் ஆகிய எல்லோரும் ஒரே திரையில் கூடட்டும். செய்த ஆபரேஷன்கள், கடைசி ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, உண்ணும் மருந்துகள், ரப்பர் கையுறையால் ஒவ்வாமை உண்டா என்பது ஆகிய யாவும் ஒரே தாளில் தமிழில் எழுதப்பட்டு நோயாளியின் கையில் இருக்கட்டும். இப்பிள்ளைகளில் பலருக்கு ரப்பரால் ஒவ்வாமை உண்டு. அதை அறியாத ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரணக் கையுறையே உயிருக்கு உலை வைக்கும். ஒப்படைத்த பின்னும் ஒரு வருஷ காலம் ஒரு நர்ஸ் குறித்த நாளில் அழைத்து விசாரிக்கட்டும். வராதவன் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு ஒருவர் இருந்தாலே பாதி நோயாளிகள் வழிதவறாமல் நிற்பார்கள் என்பது நம் துணிபு.

ஆட்சேபங்கள் எழும். திரையில் பார்த்து வைத்தியம் செய்வதா என்று கேட்பார்கள். திரையால் ஆகாதவை உண்டு என்பதை நாமே முதலில் ஒப்புக்கொள்ளுகிறோம். கடுமையான தலைவலி, வாந்தி, மயக்கம் கண்டால் ஷண்ட் அடைத்திருக்கலாம். அப்பொழுது போனைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். புண்ணின் ஆழத்தை விரலால் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தை ஸ்கேனில் பார்க்க வேண்டும். நடை தளர்ந்திருந்தால் வைத்தியர் கையால் தொட்டே சோதிக்க வேண்டும். வருஷத்தில் ஒன்றிரண்டு முறையேனும் நேரில் போகாமல் தீராது. ஆனால் மருந்தைச் சரிபார்ப்பது, குழாயிடும் முறையைத் திருத்துவது, பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்வது, மனச்சோர்வைக் கேட்டறிவது ஆகியவற்றுக்கு நானூறு கிலோமீட்டர் பிரயாணம் எதற்கு? நேரில் போகும் தினங்களைப் பயனுள்ள தினங்களாகச் செய்வதே தொலைவழியின் வேலை.

மலையிலும் குக்கிராமத்திலும் ஸிக்னல் கிடைக்காதே, நல்ல போன் இல்லையே என்பது இரண்டாவது ஆட்சேபம். உண்மைதான். ஆகவேதான் இதை வீட்டுப் போனை மட்டும் நம்பி நடத்தக்கூடாது என்கிறோம். ஆரம்ப ஆரோக்கிய நிலையத்தில் திரையும் கம்பித் தொடர்பும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் துவக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி ஊழியர்களும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும் வீடு தேடிச் செல்லும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அந்த ஊழியரின் கண்ணும் கையும், நகரத்து வைத்தியரின் அறிவும் ஒன்று சேர்ந்தால், அதுவே முழு வைத்தியம். புண்ணைப் படமெடுத்து அனுப்பவும், இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லவும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் திரையின் குறை பெரும்பாலும் நிரம்பிவிடும்.

மூன்றாவது ஆட்சேபமே நமக்கு மிகவும் கனமாகத் தோன்றுகிறது. வீட்டில் ஒரே அறை. அந்த அறையில் எல்லோரும். சிறுநீர், மலம், மாதவிடாய், விவாகம், சந்ததி ஆகிய விஷயங்களைப் பற்றி ஒரு யுவதி அங்கே எப்படி வாய் திறப்பாள்? விதிகளின்படி, பிராயமடையாதவர் கூட ஒரு பெரியவர் இருந்தால்தான் வைத்தியரோடு தொலைவழியில் பேசலாம். அந்தக் காப்பு அவசியமே. ஆயினும் சந்திப்பின் ஒரு பகுதியில் அப்பெரியவர் சற்று விலகி நின்று, பிள்ளையை மனம் விட்டுப் பேச விடலாம். ஆரோக்கிய நிலையத்தில் கதவு மூடிய ஓர் அறை இதற்கென்று இருக்கலாம். பெண்களைப் பெண் வைத்தியரே பேசிக் கேட்கலாம். வெட்கத்தினால் மறைத்த வியாதியே பின்பு உயிரைக் குடிக்கிறது. இந்த யுவதிகள் விவாகம் செய்துகொள்ளவும் தாயாகவும் கூடும் என்பதையும், அவர்களுக்குக் கரு உண்டாகுமுன்பே சாதாரண அளவைக் காட்டிலும் அதிகமான போலிக் அமிலம் வேண்டும் என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும் அல்லவா?

போலிக் அமிலத்தின் பெயரை எடுத்ததால் ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். பம்பாயில் கர்ப்பிணித் தொழிலாளிகளின் இரத்தசோகையை ஆராய்ந்து, அதைத் தீர்க்கும் ஒரு சத்து உண்டென்று 1931-ல் வெளியிட்டவர் லூஸி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மாது. அந்தச் சத்தே போலிக் அமிலம் என்று பிற்காலத்தில் அறியப்பட்டது. அதை அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் 1945-ல் செயற்கையாக உண்டாக்கிய கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் நம் எல்லாப்ரகட சுப்பாராவ். சென்னை மெடிகல் காலேஜில் படிக்கையில் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்த காரணத்தால், ஆங்கிலேய ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் கீழான பட்டமே பெற்று வெளியேறியவர் அவர். அவருடைய கோஷ்டி செய்து கொடுத்த அந்தச் சத்தைக் கருத்தரிக்கு முன்பிருந்தே உண்டால், முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்க்கு மீண்டும் அது நேருவது நூற்றுக்கு 72 பங்கு குறைகிறது என்று 1991-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியில் தெரிந்தது. அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் அதைச் சேர்க்கச் சட்டம் செய்தது. உலக ஆரோக்கிய மகாசபையும் 2023-ல் இத்தகைய உணவுச் செறிவூட்டலை வற்புறுத்தியது. சென்னையில் படித்த ஒரு தேசபக்தரின் உழைப்பு உலகெங்கும் குழந்தைகளைக் காக்கையில், அவர் படித்த நாட்டிலேயே அது ஒவ்வொரு பெண்ணையும் எட்டவில்லையென்றால் அது நமக்கு வெட்கம். வருமுன் காப்பது தலையாய கடமை. ஆனால் வந்துவிட்ட பிள்ளைகளை மறப்பதற்கு அது சமாதானமாகாது.

இது அபூர்வமான வியாதி, இதற்கென்று தனி ஏற்பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதே பாதையில்தான் பிறவி இருதயக் கோளாறுள்ள பிள்ளையும், இன்ஸுலினை நம்பி வாழும் பிள்ளையும், தலஸீமியாவுக்காக மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையும் வரவிருக்கிறார்கள். ஸ்பைனா பைபிடாவுக்காகக் கட்டும் பாலத்தில் எல்லோரும் நடப்பார்கள். செலவைப் பற்றிக் கவலைப்படுவோருக்கும் ஒரு சொல். இருபது வயதில் சிறுநீரகத்தை இழந்த ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் டயாலிஸிஸ் செய்யும் செலவோடு, மூன்று மாதத்துக்கொரு திரைவழிச் சந்திப்பின் செலவை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அங்கஹீனர்களின் உரிமைகளைப் பற்றிய 2016-ம் வருஷத்துச் சட்டம், அவர்களுக்கு வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே, முக்கியமாகக் கிராமங்களில், வருமான வரம்புக்குட்பட்டு இலவச வைத்தியம் அளிக்கவேண்டுமென்று 25-வது பிரிவில் கூறுகிறது. 2007-ல் நம் தேசம் ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையும் அவ்வாறே சொல்லுகிறது. ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியதை நடத்திக் காட்டும்படி கேட்கிறோம். முதலாவதாக, 18 வயதோடு நிற்கும் குழந்தை ஆரோக்கியத் திட்டத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஏற்றுக்கொள்ளும் வைத்தியரின் பெயரோடு பதிவாக வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரியிலும் மாதம் ஒரு நாளேனும் நாலு வாசலையும் ஒரே இடத்தில் கூட்டி வைக்கும் கிளினிக்கும், அதோடு இணைந்த திரைவழிச் சந்திப்பும் ஏற்பட வேண்டும். மூன்றாவதாக, ஜில்லாவுக்கொரு நர்ஸ் இதற்கென்றே நியமிக்கப்பட வேண்டும். நாலாவதாக, குழாய்களும் புண்மருந்தும் ஆரம்ப ஆரோக்கிய நிலையத்தில் தவறாமல் கிடைக்க வேண்டும். திரையில் எழுதிய மருந்து கடையில் இல்லையென்றால் திரையால் என்ன பயன்?

பொதுஜன ஊழியர்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் கிராமத்தில், உங்கள் தெருவில், வெளியே வராமல் வளரும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அந்த வீட்டுக்குப் போங்கள். பிள்ளைக்கு வயதென்ன, கடைசியாக வைத்தியரைப் பார்த்தது எப்பொழுது, கையில் காகிதங்கள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளைச் சட்டசபை அங்கத்தினரிடமும் ஜில்லா ஆரோக்கிய அதிகாரியிடமும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கேட்பவர் இல்லாத இடத்தில் நல்ல திட்டமும் தூங்கிப்போகும்.

வோட்டுரிமை பெறும் தினத்திலே வைத்தியத்தை இழப்பவன் முழுப் பிரஜையாக வாழ முடியாது. அவன் உயிரைக் குழந்தைப் பருவத்தில் காப்பாற்றிய தேசம், அதன்பின் அவனை நடுவழியில் இறக்கிவிட உரிமையுடையதல்ல. கம்பியும் திரையும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. மறுமுனையில் பதில் சொல்ல ஒரு வைத்தியரை உட்கார வைப்பது சர்க்காரின் பொறுப்பு. அவரை உட்கார வைக்கும்வரை ஓயாமல் கேட்பது நம் பொறுப்பு.